சேமித்த ரெக்கார்டைத் திருத்த ஃபார்மைத் திறந்தால் காலியாக வருகிறது

கேள்வி: 8 ஜனவரி 2024

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 2016 (தரவுத்தள மென்பொருள்). உறுப்பினர் விவரம் ஏற்ற ஒரு ஃபார்ம் செய்திருக்கிறேன். புதிதாக ஏற்றுவதில் சிக்கல் இல்லை, டேபிளைத் திறந்தால் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால் ஃபார்மைத் திறக்கும்போதெல்லாம் கட்டங்கள் காலியாகவே வருகின்றன. ஏற்கெனவே ஏற்றிய ஒரு முகவரியைத் திருத்த, டேபிளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. சேமித்ததை அதே ஃபார்மில் எடுத்துத் திருத்த முடியாதா? அதற்குத் தனி ஃபார்ம் செய்ய வேண்டுமா?

8 ஜனவரி, மாலை

தனி ஃபார்ம் தேவையில்லை. டிசைன் வியூவில் ஃபார்மைத் திறந்து, பிராப்பர்ட்டி ஷீட்டில் டேட்டா தாவலுக்குப் போங்கள். 'டேட்டா என்ட்ரி' என்ற வரியில் 'யெஸ்' இருக்கும். அதை 'நோ' ஆக்கிச் சேமித்துவிட்டு ஃபார்மை மறுபடி திறந்தால் பழைய ரெக்கார்டுகள் வந்து நிற்கும். பழையதைக் காட்டலாமா கூடாதா என்பதைத்தான் அந்த வரி தீர்மானிக்கிறது. புதிதாக ஏற்றலாமா என்பது 'அலவ் அடிஷன்ஸ்', பழையதைத் திருத்தலாமா என்பது 'அலவ் எடிட்ஸ்', அழிக்கலாமா என்பது 'அலவ் டெலிஷன்ஸ்'. எல்லாம் அதே தாவலில்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே 'நோ' என்றிருந்தும் காலியாக வந்தால், ஃபார்மைத் திறக்கும் பட்டனைப் பாருங்கள். 'ஓப்பன் ஃபார்ம்' கட்டளையில் டேட்டா மோடு 'ஆட்' என்று கொடுத்திருந்தால், பிராப்பர்ட்டியில் என்ன இருந்தாலும் புது ரெக்கார்டுதான் திறக்கும். அதை 'எடிட்' ஆக்கினால் போதும்.

8 ஜனவரி, இரவு

இன்னொன்று. கட்டங்கள் காலியாக வருவது வேறு, கட்டங்களே இல்லாமல் ஃபார்மின் நடுப்பகுதி வெறும் பரப்பாக வருவது வேறு. இரண்டாவது வந்தால், காட்டுவதற்கு ரெக்கார்டும் இல்லை, புதிதாகச் சேர்க்கவும் வழியில்லை என்று பொருள். ஏதோ ஒரு ஃபில்டரில் எதுவும் சிக்கவில்லை, கூடவே 'அலவ் அடிஷன்ஸ்' மூடியிருக்கிறது. அல்லது அடியில் இருக்கும் குவெரியே (டேபிளிலிருந்து தரவை எடுத்துத் தரும் கேள்வி) திருத்த முடியாத வகை.

9 ஜனவரி

'நோ' ஆக்கியதும் பழையது எல்லாம் வந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் கவனம் தேவைப்படுவது இனிமேல்தான். இதுவரை அந்த ஃபார்மால் பழைய தரவுக்கு ஒரு சேதமும் வராது, ஏனென்றால் பழையது கண்ணிலேயே படவில்லை. இப்போது திறந்தவுடன் முதல் உறுப்பினரின் பெயர்க் கட்டத்தில் கர்சர் போய் நிற்கிறது, பெயர் முழுவதும் தேர்வாகியிருக்கிறது. யாராவது தெரியாமல் ஒரு விசையைத் தட்டினால் பெயர் போய் அந்த ஒரு எழுத்து மட்டும் மிஞ்சும்.

ஃபார்மின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இருக்கிறதே, அதைப் பார்த்துப் பழகச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அதில் வலப்பக்கம் பார்த்த ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். ஒரு எழுத்தைத் தொட்டதும் அது பென்சிலாக மாறும். பென்சில் தெரியும்வரை டேபிளில் இருப்பது பழைய விவரம்தான். எஸ்கேப் ஒருமுறை அழுத்தினால் அந்தக் கட்டம் பழையபடி ஆகும், இன்னொரு முறை அழுத்தினால் ரெக்கார்டு முழுவதும் பழையபடி ஆகும். பென்சில் மறைந்து முக்கோணம் திரும்பிவிட்டால், எழுதியாயிற்று.

அந்த எழுதல் எப்போது நடக்கிறது என்பதுதான் முக்கியம். அடுத்த ரெக்கார்டுக்குப் போனால் எழுதும். ஃபார்மை மூடினால் எழுதும். ஷிஃப்ட் என்டர் அழுத்தினால் எழுதும். கடைசிக் கட்டத்தில் டேப் அழுத்தினால் அடுத்த ரெக்கார்டுக்கு நழுவும், நழுவும்போதே எழுதிவிடும். எங்கேயும் 'சேமிக்கவா?' என்று கேட்காது. வேர்டு, எக்செல் என்று பழகி வந்தவர்கள் 'சேமிக்காமல் மூடிவிட்டால் போயிற்று' என்ற நம்பிக்கையோடுதான் ஃபார்மைத் தொடுகிறார்கள். அந்த நம்பிக்கை இங்கே செல்லாது. இதை முதல் நாளே, திரையைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன்.

டேப் நழுவுவதை மட்டும் உடனே தடுக்கலாம். 'அதர்' தாவலில் 'சைக்கிள்' என்று ஒரு பிராப்பர்ட்டி இருக்கிறது. அதை 'கரண்ட் ரெக்கார்டு' ஆக்கினால் கடைசிக் கட்டத்திலிருந்து அதே ரெக்கார்டின் முதல் கட்டத்துக்குத் திரும்பும். திருத்தும் ஃபார்ம் எதுவாக இருந்தாலும் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

சேமித்த உடனே கவனித்துவிட்டால் கன்ட்ரோல் இசட் வேலை செய்யும், சேமித்த ரெக்கார்டையே பழையபடி ஆக்கும். ஆனால் வேறு ரெக்கார்டில் திருத்தம் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டுவிடும். அதை நம்பி வேலையை அமைக்கக் கூடாது.

11 ஜனவரி

நிறைய ரெக்கார்டு இருக்கிறது, வேண்டியவரைத் தேடி எடுக்க ஒரு காம்போ பாக்ஸ் (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம்) வைத்தேன் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். தேடிய பெயர் வருகிறதாம், ஆனால் கீழே உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறொருவருடையதாக இருக்கிறதாம்.

உடனே நிறுத்துங்கள், யாரும் அந்த ஃபார்மைத் தொட வேண்டாம். அந்தக் காம்போவின் 'கண்ட்ரோல் சோர்ஸ்' வரியைப் பாருங்கள். அதில் ஒரு ஃபீல்டின் பெயர் இருந்தால், அது தேடவில்லை, எழுதுகிறது. திரையில் ஒருவரின் ரெக்கார்டு இருக்கும்போது நீங்கள் காம்போவில் இன்னொருவரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், முதலாமவரின் பெயர் அழிந்து அந்த இடத்தில் இரண்டாமவர் பெயர் உட்காரும். முகவரியும் எண்ணும் முதலாமவருடையதாகவே இருக்கும். பிறகு 'இதென்ன தப்பாக இருக்கிறதே' என்று அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்தால், அந்த நகர்வே அதைச் சேமித்துவிடும். தேட முயன்ற ஒவ்வொரு முறையும் ஒரு ரெக்கார்டு கெடும். இந்தக் கெடுதலை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். பெயரும் உண்மையான பெயர், முகவரியும் உண்மையான முகவரி, பொருத்தம் மட்டும்தான் பொய். நான் பார்த்த தரவுச் சிதைவுகளில் என்னை அதிகம் வருத்தியது இதுதான், ஏனென்றால் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் தேடித் திருத்த வேண்டும் என்று நினைப்பவர்கள்.

'கண்ட்ரோல் சோர்ஸ்' காலியாக இருக்க வேண்டும். காம்போவை ஃபார்மின் தலைப்பகுதியில் வையுங்கள், பின்னணி நிறத்தையும் மாற்றுங்கள், விவரக் கட்டங்களோடு கலந்து கிடக்கக் கூடாது. விசார்டு வழியாக வைக்கும்போது மூன்று வழி காட்டும், அதில் கடைசி: தேர்ந்தெடுத்த மதிப்பைக் கொண்டு ஃபார்மில் ரெக்கார்டைக் கண்டுபிடிப்பது. அதைத்தான் எடுக்க வேண்டும். ஃபார்முக்கு 'ரெக்கார்டு சோர்ஸ்' கொடுத்திருந்தால்தான் அந்த மூன்றாவது வழியே கண்ணில் படும்.

கெட்டதைச் சரிசெய்ய: பேக்கப் இருந்தால் அதிலிருந்து டேபிளை வேறு பெயரில் இணைத்து, முதன்மை விசையை (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டை) கொண்டு ஒப்பிட்டு, பெயர் மாறியவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். மொத்தமாகப் பழையதை மேலே போட்டுவிடாதீர்கள், இடையில் வந்த நல்ல திருத்தங்களும் போய்விடும்.

15 ஜனவரி

சரி, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழையதைக் காட்டும் ஃபார்ம் பூட்டியபடிதான் திறக்க வேண்டும். பார்க்கலாம், தேடலாம், நகலெடுக்கலாம். மாற்ற வேண்டும் என்றால் 'திருத்து' என்று ஒரு பட்டனை அழுத்திவிட்டு மாற்ற வேண்டும். புதிதாக ஏற்றுகிறவர் காலிக் கட்டத்தில் எழுதுகிறார், திருத்துகிறவர் இன்னொருவர் உழைத்து எழுதியதன் மேல் எழுதுகிறார். இரண்டுக்கும் ஒரே கதவு, ஒரே மாதிரி திறந்து கிடப்பது சரியில்லை.

எளிய வழி: ஃபார்மின் 'அலவ் எடிட்ஸ்' 'நோ'. 'திருத்து' பட்டனின் கிளிக்கில் மீ.அலவ்எடிட்ஸ் = ட்ரூ (மீ என்றால் இந்த ஃபார்ம்). 'கரண்ட்' நிகழ்வில் (ஒரு ரெக்கார்டுக்கு வரும்போதெல்லாம் ஓடுவது) மறுபடி ஃபால்ஸ், அப்போது அடுத்த ரெக்கார்டுக்குப் போனதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு வரி கோடு, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பென்சில் நிலையில் ஃபால்ஸ் ஆக்கினால் பூட்டு உடனே விழாது, சேமித்த பிறகே விழும். அதனால் 'முடித்தேன்' என்று ஒரு பட்டன் வைப்பதானால், முதலில் மீ.டர்ட்டி = ஃபால்ஸ் என்று எழுதிச் சேமித்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.

16 ஜனவரி

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: 'அலவ் எடிட்ஸ்' மூடியதும் தேடும் காம்போவும் செத்துவிட்டது. ஆமாம், அந்தப் பிராப்பர்ட்டி டேபிளோடு இணையாத கட்டங்களையும் சேர்த்தே பூட்டும். தேடல் கட்டம் உள்ள ஃபார்முக்கு மேலே நான் சொன்ன எளிய வழி பொருந்தாது.

அங்கே கட்டம் கட்டமாகப் பூட்ட வேண்டும். பூட்ட வேண்டிய கட்டங்கள் எல்லாவற்றுக்கும் 'டேக்' பிராப்பர்ட்டியில் ஒரே சொல்லைப் போடுங்கள், 'பூட்டு' என்றே போடலாம். கோடில் ஃபார்மின் கண்ட்ரோல்களை ஒரு சுற்று சுற்றி, டேக் அப்படி இருப்பவற்றுக்கு மட்டும் 'லாக்டு' ட்ரூ அல்லது ஃபால்ஸ். இந்தச் சுற்றை ஒரு தனி சப் (பெயர் சொல்லி அழைக்கும் கோடுத் தொகுதி) ஆக எழுதி எல்லா ஃபார்மிலிருந்தும் அழையுங்கள். 'அலவ் டெலிஷன்ஸ்' தனி, அதையும் மறக்காமல் மூடுங்கள். கட்டங்கள் பூட்டியிருந்தாலும் ரெக்கார்டை அப்படியே அழிக்க முடியும்.

'எனேபிள்டு' வேண்டாம், 'லாக்டு' போதும். எனேபிள்டை மூடினால் எழுத்து மங்கிவிடும், கர்சர் உள்ளே போகாது, நகலெடுக்கவும் முடியாது. லாக்டு மட்டும் என்றால் எழுத்து தெளிவாகத் தெரியும், எண்ணைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம், மாற்ற மட்டும் விடாது. திருத்தும் நிலையில் கட்டங்களின் பின்னணியை வெளிர் மஞ்சளாக ஆக்கிவிடுங்கள். பென்சில் சின்னம் எல்லோர் கண்ணிலும் படாது, நிறம் படும்.

19 ஜனவரி

"எல்லாம் 'யெஸ்' என்றுதான் இருக்கிறது, ஆனாலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கீழே இந்த ரெக்கார்ட்செட்டைத் திருத்த முடியாது என்று வருகிறது" என்பவருக்கு: ஃபார்மை விடுங்கள், குவெரியைப் பாருங்கள். அதைத் தனியாகத் திறந்து ஒரு கட்டத்தை மாற்றிப் பாருங்கள். அங்கேயும் மாறவில்லை என்றால் ஃபார்மில் குற்றம் இல்லை.

குவெரியில் கூட்டுத்தொகை எடுத்திருந்தால் திருத்த முடியாது. பல வரிகள் சேர்ந்து ஒரு வரியாகிவிட்ட பிறகு எதை மாற்றுவது என்று அதற்குத் தெரியாது. 'யூனிக் வேல்யூஸ்' யெஸ் என்றிருந்தாலும் அதே கதை. யூனியன் குவெரி, கிராஸ்டேப் குவெரி இரண்டும் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வர் போன்ற வெளி டேட்டாபேஸிலிருந்து இணைத்த டேபிளுக்கு முதன்மை விசை இல்லையென்றால் படிக்க மட்டுமே விடும். ஃபார்மின் 'ரெக்கார்ட்செட் டைப்' 'ஸ்னாப்ஷாட்' என்று இருந்தாலும் அதேதான். இரண்டு டேபிளை இணைத்த குவெரி பெரும்பாலும் திருத்த விடும், ஒரு பக்கத்திலாவது தனித்த இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வர விடாதது) இருக்க வேண்டும்.

கூட்டுத்தொகையும் வேண்டும், திருத்தவும் வேண்டும் என்றால் ஃபார்மை நேரே டேபிளின் மேல் வைத்துவிட்டு, தொகையை மட்டும் ஃபார்மின் அடிப்பகுதியில் தனிக் கட்டத்தில் கணக்கிடுங்கள்.

22 ஜனவரி

'திருத்து' பட்டனுக்குப் பதிலாக, சேமிக்கும்போது 'உறுதியாக மாற்றவா?' என்று கேட்டால் போதாதா என்கிறார் ஒருவர். 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் மெசேஜ் பாக்ஸ் போட்டு, வேண்டாம் என்றால் கேன்சல் = ட்ரூ, மீ.அன்டூ. தொழில்நுட்பப்படி சரியான வழிதான்.

ஆனால் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படி ஒரு பெட்டி ஒவ்வொரு சேமிப்பிலும் வந்தது. சில நாளில் எல்லோருக்கும் கை பழகிவிட்டது. எண்ணை மாற்று, கீழம்பு, என்டர், அடுத்தது. பெட்டி திரையில் மின்னி மறையும், யாரும் படிப்பதில்லை. சரியான திருத்தத்துக்கும் தவறான திருத்தத்துக்கும் ஒரே என்டர். கேட்பதாக இருந்தால் எப்போதாவது மட்டும், கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்க வேண்டும். உறுப்பினர் எண் மாறுகிறது, பிறந்த தேதி மாறுகிறது, பெயர் முழுவதுமாக மாறுகிறது, அப்போது கேளுங்கள். பெட்டியில் பழையதையும் புதியதையும் அருகருகே காட்டுங்கள். கட்டத்தின் 'ஓல்டு வேல்யூ' பிராப்பர்ட்டி, சேமிக்கும்வரை பழைய மதிப்பைக் கையில் வைத்திருக்கும்.

ஒப்பிடும்போது காலிக் கட்டத்தைக் கவனியுங்கள். பழையது நல் (Null, மதிப்பே இல்லாத நிலை) என்றால், நல்லையும் புதிய மதிப்பையும் சமமில்லையா என்று கேட்டால் விடை ட்ரூ என்று வராது, நல் என்றே வரும், இஃப் அதைப் பொய்யாக எடுத்துக்கொண்டு தாண்டிப்போகும். இரண்டு பக்கமும் என்இசட் (Nz, நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் ஃபங்ஷன்) போட்டு ஒப்பிடுங்கள்.

22 ஜனவரி, இரவு

மூடும் பட்டனைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். டூகமாண்ட்.குளோஸ் மட்டும் எழுதினால், கட்டாயக் கட்டம் ஒன்று காலியாக இருந்து ரெக்கார்டைச் சேமிக்க முடியாமல் போகும்போது, ஆக்சஸ் ஒன்றும் சொல்லாமல் திருத்தத்தைக் கைவிட்டு ஃபார்மை மூடிவிடும். திருத்தியவர் சேமித்ததாகவே நினைத்து எழுந்து போவார். அதற்கு முந்தைய வரியில் மீ.டர்ட்டி = ஃபால்ஸ் என்று எழுதுங்கள், சேமிக்க முடியாவிட்டால் அங்கேயே பிழைச் செய்தி வரும், ஃபார்மும் மூடாது. மூடும் பட்டன் உள்ள எல்லா ஃபார்மிலும் இந்த வரி இருக்க வேண்டும்.

27 ஜனவரி

இரண்டு பேர் ஒரே ரெக்கார்டைத் திறந்தால் என்ன ஆகும்?

ஃபார்மின் 'ரெக்கார்டு லாக்ஸ்' வழக்கமாக 'நோ லாக்ஸ்' என்று இருக்கும். இருவரும் திருத்தலாம், முதலில் சேமித்தவருடையது உள்ளே போகும். இரண்டாமவர் சேமிக்கும்போது ஒரு பெட்டி வரும், மூன்று பட்டனோடு: என்னுடையதைச் சேமி, என்னுடையதைக் கிளிப்போர்டுக்கு எடு, என் மாற்றத்தை விடு. முதல் பட்டன் மற்றவர் எழுதியதை அழித்துவிடும். அவசரத்தில் கை போவது அதற்குத்தான். நடுப் பட்டனை அழுத்தினால் மற்றவர் எழுதியது திரையில் தெரியும், உங்களுடையது கிளிப்போர்டில் இருக்கும், பார்த்து ஒட்டலாம். பழக்க வேண்டிய பட்டன் அது.

'எடிட்டெட் ரெக்கார்டு' என்று மாற்றினால், ஒருவர் திருத்தத் தொடங்கியதுமே மற்றவருக்கு அந்த ரெக்கார்டின் ஓரத்தில் குறுக்குக்கோடிட்ட வட்டம் தெரியும், தட்டினால் ஏறாது. சிறு அலுவலகத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். பென்சிலோடு விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் இருந்தால் மட்டும் தொல்லை.

எஸ்கியூஎல் சர்வர் டேபிளில் நீங்கள் ஒருவர் மட்டுமே வேலை செய்யும்போதும் இந்தப் பெட்டி வந்தால், யெஸ்-நோ வகைக் கட்டம் ஒன்றில் நல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள பிட் ஃபீல்டில் நல் இருக்கலாம், ஆக்சஸுக்கு அது பிடிபடாது, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். நல்களைப் பூஜ்ஜியமாக்கி, டிஃபால்ட் பூஜ்ஜியம் வைத்து, டேபிளில் ஒரு ரோவெர்ஷன் நெடுவரிசை (வரி மாறும்போதெல்லாம் தானாக மாறுவது) சேர்த்து, இணைப்பைப் புதுப்பியுங்கள்.

3 பிப்ரவரி

யார் எப்போது எதை மாற்றினார் என்று தெரிய வேண்டுமாம். பூட்டைப் பற்றி நான் இவ்வளவு எழுதினாலும், இரண்டில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் இப்போது இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பூட்டு கை தவறுவதைத்தான் தடுக்கும். தவறான தகவலை நம்பிக்கையோடு ஏற்றுகிறவரை எந்தப் பூட்டும் தடுக்காது, பழைய மதிப்பு எங்கேயாவது இருந்தால்தான் மீட்க முடியும்.

ஒரு டேபிள் போதும்: எந்த டேபிள், எந்த ரெக்கார்டின் விசை, எந்த ஃபீல்டு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது. பழைய மதிப்பை 'பிஃபோர் அப்டேட்'டில்தான் எடுக்க முடியும், 'ஆஃப்டர் அப்டேட்' வருவதற்குள் ஓல்டு வேல்யூவும் புதியதாகிவிடும். ஆனால் பிஃபோரிலேயே வரலாற்று டேபிளில் எழுதினால் ஒரு ஓட்டை: அதற்குப் பிறகு தனித்த இண்டெக்ஸில் இடித்து சேமிப்பு தோற்றால், நடக்காத மாற்றம் வரலாற்றில் பதிவாகிவிடும். ஆகவே பிஃபோரில் பழையதை மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஃப்டரில் டேபிளில் எழுதுங்கள்.

ஆக்சஸ் 2010 முதல் டேட்டா மேக்ரோ (தரவு மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) இருக்கிறது, அது டேபிளோடு ஒட்டியது. ஃபார்ம் வழியாக வந்தாலும், யாராவது டேபிளைத் திறந்து நேரே மாற்றினாலும், அப்டேட் குவெரி ஓட்டினாலும் அது கவனிக்கும். ஃபார்ம் கோடு ஃபார்மைத்தான் கவனிக்கும். அதனால் வரலாறு எழுதுவதை முடிந்தவரை டேபிளின் பக்கம் தள்ளுங்கள்.

3 பிப்ரவரி, பின்னர்

இதற்குப் பயன்படுத்துகிறவர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். வரலாறு எழுதப்படுகிறது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்தால், தெரியவரும்போது அது வேவு பார்ப்பதாகத்தான் தோன்றும்.

10 பிப்ரவரி

'ரத்து' பட்டன் வேலை செய்யவில்லை என்றவருக்கு: உங்கள் ஃபார்மில் சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம்) இருக்கிறது. மேல் ஃபார்மில் திருத்திவிட்டு சப்ஃபார்முக்குள் கிளிக் செய்ததுமே மேல் ரெக்கார்டு சேமிப்பாகிவிடும். அப்புறம் ரத்து செய்ய அங்கே எதுவும் இல்லை. சேமித்ததைத் திருத்தும்போது மேலும் கீழும் சேர்த்து ரத்து செய்ய முடிய வேண்டும் என்றால், தற்காலிக டேபிள்களில் நகலெடுத்துத் திருத்தவிட்டு, முடிந்ததும், எல்லாம் ஏறும் அல்லது எதுவும் ஏறாது என்ற முறையில், ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுத வேண்டும். பெரிய வேலை. விலைப்பட்டியல் போன்றவற்றுக்குத் தகும், உறுப்பினர் பட்டியலுக்குத் தேவையில்லை.

ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்கேட்டர் போட்டு ரெக்கார்டை மாறிகளுக்கு எடுப்போம், திரையில் மாறிகளைத் திருத்துவோம், சேமி என்றால்தான் கேதர் போட்டு டேபிளில் எழுதுவோம். இடையில் டேபிளை யாரும் தொடவில்லை. வேலை கூட, ஆனால் எழுதும் கணம் நம் கையில் இருந்தது. அதை நான் இன்னும் விரும்புகிறேன்.

12 பிப்ரவரி

ஆக்சஸ் போன்ற லிப்ரேஆபீஸ் பேஸ் வைத்திருப்பவர்கள் இருவர் கேட்டதற்கு: அங்கே ஃபார்ம் பிராப்பர்ட்டியில் 'ஆட் டேட்டா ஒன்லி' யெஸ் என்றிருந்தால் இதே காலி ஃபார்ம் வரும். டேபிளுக்கு முதன்மை விசை இல்லையென்றால் திருத்தவே விடாது. உள்ளடங்கிய டேட்டாபேஸ் என்றால் ரெக்கார்டைச் சேமித்த பிறகு ஓடிபி கோப்பையும் தனியே சேமியுங்கள். ஃபைல்மேக்கர் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் கட்டங்களுக்கு வெளியே கிளிக் செய்தாலே எழுதிவிடும். லேஅவுட் செட்டப்பில் தானாகச் சேமிக்கும் தேர்வை எடுத்துவிட்டால் கேட்டுவிட்டு எழுதும்.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவரின் கடைசிச் சந்தேகம்: திருத்தி முடித்ததும் பட்டியலைப் புதுப்பிக்க மீ.ரீகுவெரி போட்டால் முதல் ரெக்கார்டுக்குத் தாவுகிறது.

திருத்திய மதிப்பு தெரிந்தால் போதும் என்றால் மீ.ரெஃப்ரெஷ் போடுங்கள், இடம் மாறாது. மற்றவர்கள் புதிதாகச் சேர்த்ததும் தெரிய வேண்டும் என்றால் ரீகுவெரிதான். அதற்கு முன்பு உறுப்பினர் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரெக்கார்ட்செட்குளோனில் (ஃபார்மின் ரெக்கார்டுகளின் நகல்) ஃபைண்ட்ஃபர்ஸ்ட் செய்து, கிடைத்தால் (நோமேட்ச் ஃபால்ஸ் என்றால்) அதன் புக்மார்க்கை (ரெக்கார்டின் இடக்குறி) ஃபார்மின் புக்மார்க்குக்குக் கொடுங்கள். ரீகுவெரிக்கு முன்பு எடுத்த புக்மார்க் அதற்குப் பிறகு செல்லாது, எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். மேலே சொன்னபடி 'கரண்ட்' நிகழ்வில் பூட்டும் கோடு இருந்தால், நகர்ந்ததும் அது ஓடி ஃபார்ம் பூட்டிக்கொள்ளும், தனியாகப் பூட்ட வேண்டியதில்லை.